கப்பல் சரக்கிலிருந்து செண்ட் கடை வரை: ஹைனமன் குடும்பம் எப்படி நிலைத்தது?

கேள்வி:
போன மாதம் ஹாம்பர்க் விமான நிலையத்தில் ஹைனமன் கடையில் ஒரு பர்ஃப்யூம் வாங்கினேன். நான் பாரிஸ் போனேன், நண்பன் துருக்கி போனான். இருவருக்கும் ஒரே விலை. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பறப்பவர்களுக்கு டூட்டி ஃப்ரீ, அதாவது வரியில்லாத விலை, கிடையாது என்கிறார்களே, அப்புறம் இது எப்படி? இன்னும் ஒரே குடும்பத்தின் கையில்தான் இந்தத் தொழில் இருக்கிறதாமே?

பதில் 1:
ஆமாம் தம்பி, குடும்பத் தொழில்தான். ஜெர்மனியில் ஒரு விமான நிலையத்தில் பதினாறு வருஷம் செண்ட் கவுண்டரில் நின்றவள் நான், அதனால் இந்தக் கதை எனக்கு நெருக்கமானது.

1879-ல் கார்ல், ஹைன்ரிஷ் என்ற இரண்டு சகோதரர்கள் ஹாம்பர்க் துறைமுகத்தில் தொடங்கினார்கள். கப்பல்களுக்குச் சரக்குக் கொடுப்பதுதான் வேலை. அப்போது ஹாம்பர்க் ஜெர்மன் சுங்க எல்லைக்கு வெளியே இருந்தது. 1888-ல் உள்ளே வந்தபோதும் துறைமுகத்தில் ஒரு பகுதியை அந்த நகரம் வரியில்லாமல் வைத்துக்கொண்டது. நாட்டைவிட்டு வெளியே போகும் சரக்குக்கு உள்ளூர் வரி எதற்கு? கப்பலுக்குச் சொன்ன அதே நியாயம்தான் பிறகு விமானத்துக்கும் வந்தது.

உங்கள் கேள்விக்கான பதில் 1999-ல் இருக்கிறது. அந்த வருஷம் ஜூலை 1 முதல் ஒன்றியத்துக்குள் பயணிப்பவர்களுக்கு வரிவிலக்கு நின்றுபோனது. மது, சிகரெட்டுக்குக் கலால் வரி உண்டு, அதைக் கடைக்காரர் தாங்க முடியாது. அதனால்தான் பில் போடும்போது போர்டிங் பாஸ் கேட்டு இரண்டு விலை வைக்கிறார்கள். செண்டுக்கும் லிப்ஸ்டிக்குக்கும் கலால் வரி கிடையாது, மதிப்புக் கூட்டு வரி மட்டும்தான். அப்போது அது 16 சதவீதம். அதைத் தங்கள் லாபத்திலிருந்து கட்டிவிட்டு எல்லோருக்கும் ஒரே விலை வைத்தார்கள். 'டிராவல் வேல்யூ' என்று பலகையில் எழுதியிருந்தது இதைத்தான். 2007-ல் வரி 19 ஆனது.

பங்குச் சந்தைக்குப் பதில் சொல்லும் நிறுவனமாக இருந்தால் இந்த லாபக் குறைவை எத்தனை நாள் பொறுத்திருக்கும்? குடும்பம் என்பதால்தான் பொறுத்தது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

பதில் 2:
அக்கா, ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். விமான நிலைய டூட்டி ஃப்ரீ பிறந்தது அயர்லாந்தின் ஷானனில், 1947-ல். அட்லாண்டிக்கைக் கடக்கும் விமானங்கள் எரிபொருளுக்காக அங்கே இறங்கும், பயணிகள் சும்மா காத்திருப்பார்கள். பிரெண்டன் ஓ'ரீகன் அதைப் பார்த்துத்தான் கடை போட்டார்.

அது சரி, 2006-ல் 100 மில்லிக்கு மேற்பட்ட திரவப் பாட்டிலைக் கைப்பையில் கொண்டுபோகக் கூடாது என்ற விதி வந்தபோது செண்ட் வியாபாரம் என்ன ஆனது?

பதில் 1:
நல்லதைச் சேர்த்தீர்கள் தம்பி, நன்றி. அந்த நவம்பர் எனக்கு மறக்காது. கடையில் வாங்கிய பெரிய பாட்டிலைக் கொண்டுபோக சீல் வைத்த பை வந்தது, பில் வெளியே தெரியும்படி உள்ளே வைக்க வேண்டும். ஒரு அம்மா மகள் கல்யாணத்துக்காகக் காகிதப் பட்டையில் ஏழெட்டு செண்டைத் தெளித்து, ஒவ்வொன்றையும் உதறி ஆறவிட்டு முகர்ந்து, கடைசியில் ஒரு பெரிய பாட்டில் வாங்கினார். விமானத்தில் ஆசைப்பட்டுப் பையைப் பிரித்துவிட்டார். விமானம் மாறும் இடத்துச் சோதனையில் பாட்டிலைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட்டார்கள். திரும்பி வரும்போது என்னிடம் வந்து சொல்லி அழுதார்.

அதற்கப்புறம் பையை ஒட்டும்போதெல்லாம் ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொல்வேன்: "வீடு போய்ச் சேரும்வரை இதைப் பிரிக்காதீங்க."