எம்.பி.ஐ.-யிலேயே தொடர்வதா, சேப்பலுக்கு மாறுவதா?

கேள்வி:
வெப்பப் பரவல் சமன்பாட்டுக்கான முப்பரிமாண நிரலை சி++ மொழியில் எழுதி, ஒரே கணினியின் கோர்களுக்கு வேலையைப் பகிர்ந்து தரும் ஓபன்எம்பி துணையுடன் 32 கோர்களில் ஓட்டி வந்தேன். கணக்கிட வேண்டிய புள்ளிகளின் கட்டம் பெரிதாகி ஒரே கணினியின் நினைவகத்துக்குள் அடங்காமல் போனதால், அதை அடுக்குகளாகப் பிரித்து கணினிகளுக்கிடையே செய்தி அனுப்பிப் பெற உதவும் எம்.பி.ஐ. மூலம் பல கணினிகளில் ஓட்ட முயல்கிறேன். அண்டைப் பகுதிகளுடன் எல்லை அடுக்குகளைப் பரிமாறும் பகுதி, கணக்கிடும் பகுதியைவிட நீண்டுவிட்டது. ஒவ்வோர் அடுக்கையும் ஒரு பிராசஸ் (தனியாக ஓடும் நிரல் பிரதி) கணக்கிடுகிறது; ஒரு பக்கம் மட்டுமே அண்டை உள்ள முதல் பிராசஸுக்கும் கடைசிப் பிராசஸுக்கும் தனித்தனி இஃப் நிபந்தனை வேறு. போதாக்குறைக்கு, சிறிய கட்டத்தில் சரியாக ஓடும் நிரல், பெரிய கட்டத்தில் எந்தப் பிழைச் செய்தியும் இன்றி அப்படியே நின்றுவிடுகிறது. பல கணினிகளில் இணையாகக் கணக்கிடுவதற்கெனவே உருவான சேப்பல் போன்ற மொழிக்கு மாறிவிடலாமா?

பதில் 1:
இத்தகைய மொழிகளின் வரலாற்றைப் பார்த்த பிறகு முடிவெடுங்கள். 2002-இல் அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் ஆராய்ச்சி அமைப்பான டார்பா தொடங்கிய திட்டத்தின் வழியாக கிரே நிறுவனத்தின் சேப்பல், ஐ.பி.எம்.மின் எக்ஸ்10, சன் நிறுவனத்தின் ஃபோர்ட்ரெஸ் என மூன்று மொழிகள் வளர்ந்தன. ஃபோர்ட்ரெஸ் 2012-இல் கைவிடப்பட்டது. எக்ஸ்10-இல் புதிதாக எழுதுவோரை நான் கண்டதில்லை. சேப்பல் மட்டும் தாக்குப்பிடித்து 2024-இல் 2.0 பதிப்பை எட்டியது. 1994-இல் முதல் பதிப்பு கண்ட எம்.பி.ஐ.யோ இன்றும் ஏறத்தாழ எல்லா மீக்கணினிகளிலும் இருக்கிறது. பத்தாண்டு வாழ வேண்டிய நிரல் என்றால் நான் எம்.பி.ஐ.-யைத்தான் நம்புவேன்.

பதில் 2:
நான் சேப்பலில் எழுதுகிறவன். ஃபார்ஆல் என்ற ஒரே கட்டளையில், பல கணினிகளில் பரவியுள்ள அணிவரிசை முழுவதையும் கணக்கிட முடிவது உண்மையிலேயே பெரும் வசதி. ஆனால் செய்திப் பரிமாற்றம் கண்ணில் படாமல் நடக்கிறதே தவிர, இல்லாமல் போய்விடவில்லை. என் முதல் நிரல் நான்கு கணினிகளில் ஓடியபோது, ஒரே கணினியில் ஓடியதைவிட மெதுவாக இருந்தது. செய்திப் பரிமாற்றங்களை எண்ணிக் காட்டும் கம்யூனிகேஷன் டயக்னாஸ்டிக்ஸ் மாட்யூலைச் சேர்த்து எண்ணிப் பார்த்த பிறகுதான், எல்லையிலுள்ள ஒவ்வொரு எண்ணும் தனித்தனியாக வலையமைப்பைக் கடந்து வருவது தெரிந்தது. அண்டைக் கணினியின் எல்லை மதிப்புகளுக்கு ஒவ்வொரு கணினியிலும் நகல் வைக்கும் ஸ்டென்சில் பங்கீட்டுக்கு மாற்றி, எல்லைப் பகுதியை மொத்தமாகப் புதுப்பித்த பின்னரே வேகம் வந்தது. எனவே எல்லைப் பரிமாற்றத்தைப் பற்றிய சிந்தனையிலிருந்து எந்த மொழியும் உங்களுக்கு விடுதலை தராது.

பதில் 3:
மொழியைப் பற்றிய விவாதம் இருக்கட்டும்; நிரல் நிற்பதற்குக் காரணம் வேறு. எல்லாப் பிராசஸ்களும் முதலில் எம்.பி.ஐ. சென்ட் (அனுப்பு), பிறகு ரிசீவ் (பெறு) என்ற வரிசையில் அழைக்கின்றன என்று ஊகிக்கிறேன். செய்தி சிறியதாக இருந்தால் நூலகம் அதைத் தன் பஃபரில் (தற்காலிகச் சேமிப்பிடத்தில்) வாங்கிக்கொண்டு சென்டை உடனே முடித்துவிடும். பெரியதாக இருந்தால் எதிர்ப்பக்கம் ரிசீவ் அழைக்கும்வரை காத்திருக்கும். எல்லோரும் சென்டில் காத்திருந்தால் ரிசீவை யார் அழைப்பது? சோதிக்க, சென்டை, செய்தி சிறியதானாலும் எதிர்ப்பக்கம் பெறத் தொடங்கும்வரை காத்திருக்கும் எஸ்சென்ட் என்று மாற்றிப் பாருங்கள். சிறிய கட்டத்திலும் நிற்க வேண்டும். தீர்வு, இரண்டையும் சேர்த்துச் செய்யும் சென்ட்ரிசீவ். விளிம்பில் உள்ளவர்களுக்கு அண்டைப் பிராசஸாக, ‘யாருமில்லை’ என்று பொருள்படும் எம்.பி.ஐ. ப்ராக் நல்லைக் கொடுத்தால் அந்த இஃப்களும் தேவைப்படா.

கேட்டவர்:
எஸ்சென்ட் போட்டதும் 16×16×16 கட்டத்திலேயே நின்றது. சென்ட்ரிசீவுக்கு மாற்றியதும் பெரிய கட்டமும் ஓடி முடிந்தது. பரிமாற்றப் பகுதி பாதியாகச் சுருங்கிவிட்டது. உள்ளே ஓபன்எம்பி, வெளியே எம்.பி.ஐ. என்றே இப்போதைக்குத் தொடர்கிறேன்.