ரீஜென்ட்டுக்குத் தமிழ்: பொறுப்பரசி மட்டும் போதாது, தாவழியரசியும் வேண்டும்

நண்பர்களுக்கு வணக்கம்.

மன்னர் சிறுவராகவோ ஆள இயலாதவராகவோ இருக்கும்போது அவர் பெயரில் ஆள்பவரைக் குறிக்கும் ‘ரீஜென்ட்’ என்ற ஆங்கிலச் சொல்லுக்கு நம் குழுவில் தமிழ்ச் சொல் தேடுகிறோம். இதுவரை அரசப் பிரதிநிதி, ராஜமாதா, காப்பரசி என்று மூன்று பரிந்துரைகள் வந்துள்ளன. அரச குடும்பத்துப் பெண்கள் வாரிசுப் போட்டியில் என்ன செய்தார்கள் என்று எழுதுகிறவர்களுக்குத்தான் இந்தச் சொல் அதிகம் தேவைப்படும். ஆகவே, எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தை ஆண்ட வேணாட்டு (திருவிதாங்கூரின் பழைய பெயர்), திருவிதாங்கூர் வரலாற்றில் வைத்து மூன்றையும் உரசிப் பார்க்கலாம் என்று நினைக்கிறேன்.

அரசப் பிரதிநிதி வேண்டாம். ஆங்கிலேய வைஸ்ராய் கர்சனையும் அப்படித்தான் நம் பாடநூல்கள் சொல்கின்றன. வைஸ்ராய் தொலைவில் இருக்கும் மன்னர் அனுப்பிய அதிகாரி. சிறுவனான மன்னரை அரண்மனையில் வைத்துக்கொண்டு ஆட்சி நடத்திய பெண்ணையும் அதே பெயரால் அழைத்தால் வாசிப்பவர் குழம்பிப்போவார்.

ராஜமாதா கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மைக்குப் பொருந்தாது. மதுரையில் 1689 முதல் ஆண்ட மங்கம்மாள், விஜயரங்க சொக்கநாதருக்குப் பாட்டி. திருவிதாங்கூரில் 1815இல் பொறுப்பேற்ற கௌரி பார்வதி பாய், சுவாதித் திருநாளுக்குச் சித்தி. 1924இல் மன்னர் மூலம் திருநாள் இறந்தபோது வாரிசான சித்திரைத் திருநாளுக்கு வயது 11. அவருடைய தாய் சேது பார்வதி பாய் உயிரோடு, அதே குடும்பத்தில்தான் இருந்தார். ஆனாலும் 1931 வரை ஆண்டவர் மூத்த ராணி சேது லட்சுமி பாய், மன்னருக்குப் பெரியம்மா முறை. பெற்ற தாய் இருக்கும்போது பெரியம்மாவை ராஜமாதா என்று எழுத முடியுமா?

காப்பரசி என்பதில் எனக்கு வேறொரு தயக்கம். அந்தப் பெண் செய்ததெல்லாம் காவல் மட்டும்தான் என்பது போல அது ஒலிக்கிறது. மங்கம்மாள் வேணாட்டின் மீது படை அனுப்பினார். சேது லட்சுமி பாய் சட்டங்கள் இயற்றினார். கௌரி பார்வதி பாய் காலத்தில், 1829 பிப்ரவரியில், நாடார் பெண்கள் மேல்சாதிப் பெண்களைப் போலத் தோள்சீலை அணியக்கூடாது என்ற அறிவிப்பு வந்தது. எங்கள் ஊர்ப் பக்கம் அந்தத் தோள்சீலைக் கலகத்தின் பேச்சு இன்னும் ஓயவில்லை. ஆண்டவருக்கு ஆட்சியின் நன்மையிலும் தீமையிலும் பொறுப்பு உண்டு. அதனால் ‘பொறுப்பரசி’ என்று முன்வைக்கிறேன். ஆணாக இருந்தால் பொறுப்பரசர், பதவிக்குப் பொறுப்பரசு. பன்மையும் வேற்றுமையும் எளிதாக ஏறும்.

ஆனால் இதோடு நிறுத்தினால் பாதி வேலைதான் முடியும். திருவிதாங்கூர்ப் போட்டிகளின் மையத்தில் இருந்த பெண், பெரும்பாலும் பொறுப்பரசி அல்ல. மருமக்கள்வழியில் மன்னரின் மகனுக்குப் பட்டம் கிடையாது, சகோதரியின் மகனுக்குத்தான். மன்னரின் மனைவி அரசியே ஆகமாட்டார், அம்மச்சிதான். அவர் பிள்ளைகளுக்குத் தம்பி, தங்கச்சி என்பவையே பட்டங்கள். 1729இல் ராமவர்மா இறந்ததும் அவருடைய மகன்கள் பப்புத் தம்பியும் ராமன் தம்பியும் சகோதரி மகன் மார்த்தாண்டவர்மாவோடு மோதியது இந்த இடத்தில்தான். தம்பிமார் தோற்றுக் கொல்லப்பட்டார்கள். வில்லுப்பாட்டில் அவர்களுக்காக இன்றும் எங்கள் ஊர்களில் கண் கலங்குகிறார்கள். அம்மச்சியைப் பட்டத்தரசி என்று எழுதிவிட்டால் அந்தச் சண்டையின் காரணமே வாசகருக்குத் தெரியாமல் போய்விடும்.

அப்படியானால் அரசி யார்? ஆற்றிங்கல் ராணி, அதாவது அரச குடும்பத்தின் மூத்த பெண். அவருக்கென்று தனி நிலம், தனி வருவாய், மூத்த தம்புரான் என்ற பட்டம். அஞ்சுதெங்கில் கோட்டை கட்டக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுமதி கேட்டு நின்றது அவரிடம். மார்த்தாண்டவர்மா காலத்தில் அந்தத் தனியாட்சி போனது. ஆனால் வாரிசு அவர் வழியாகத்தான் வரவேண்டும் என்ற விதி போகவில்லை. பிற அரச குடும்பங்களில் ஆண் வாரிசு இல்லாவிட்டால் ஒரு பையனைத் தத்தெடுப்பார்கள். மதுரையில் நாயக்க அரசி மீனாட்சி, பங்காரு திருமலையின் மகனை எடுத்துக்கொண்டது அப்படித்தான். இங்கேயோ 1900இல் மாவேலிக்கரையிலிருந்து இரண்டு சிறுமிகளைத் தத்தெடுத்தார்கள். அரியணையில் மன்னர் இருக்கிறார், ஆனால் வழி அற்றுப்போகும் என்ற பயம்! அந்தச் சிறுமிகள்தான் பின்னாளில் சேது லட்சுமி பாயும் சேது பார்வதி பாயும்.

இப்படி, அரசுரிமை யார் வழியாக இறங்குகிறதோ அந்தப் பெண்ணுக்கு ‘தாவழியரசி’ என்ற சொல்லைத் தருகிறேன். ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து கிளைக்கும் குடும்பப் பிரிவுக்கு மருமக்கள்வழியில் தாவழி என்றே பெயர். அது மலையாளமாயிற்றே என்று குழுவில் ஒருவர் கேட்டிருந்தார். தாய், வழி இரண்டும் நம்முடையவைதான். நாஞ்சில்நாட்டு வேளாளர்களிடமும் மருமக்கள்வழி இருந்தது. காரணவன் (குடும்பத் தலைவர்), உகந்துடைமை (மனைவி மக்களுக்குத் தரும் பங்கு) எல்லாம் எங்கள் தாத்தா பாட்டிகள் புழங்கிய சொற்கள். ‘தாய்வழி அரசி’ என்றால், தாயிடமிருந்து பட்டம் பெற்றவள் என்று பொருள் திரிந்துவிடும். பத்மநாபபுரம் அரண்மனையின் மிகப் பழைய பகுதியைத் தாய்க்கொட்டாரம் என்கிறோம். அங்கே சுற்றிப் பார்க்க வருபவர்களுக்கு இந்தச் சொல்லை விளக்க அதிக நேரம் ஆகாது.

இரண்டு சொற்களையும் சோதிக்க ஒரே ஆளை எடுத்துக்கொள்ளுங்கள், கௌரி லட்சுமி பாய். 1810இல் பலராமவர்மா இறந்தபோது பட்டத்துக்கு உரிமை கோரி இளையராஜா கேரளவர்மா நின்றார். கௌரி லட்சுமி பாய்க்கு அப்போது வயது 20கூட ஆகவில்லை. தன் தரப்பை கம்பெனியின் பிரதிநிதியான ரெசிடென்ட் மன்றோவிடம் எடுத்துச் சொல்லி, கேரளவர்மாவின் கோரிக்கையை விலக்கவைத்தார். அதுவரை தாவழியரசியாக இருந்தவர், ஆண் வாரிசு இல்லாத நிலையில் தாமே ஆளும் அரசி ஆனார். 1813இல் சுவாதித் திருநாள் பிறந்ததும் மகனின் பெயரில் ஆளும் பொறுப்பரசி ஆனார். 1815இல் இறந்தார். ஐந்தே ஆண்டுகளில் மூன்று நிலைகள். மூன்றையும் ‘ராணி’ என்று ஒரே சொல்லால் கடந்துபோனால், அவர் எதற்காகப் போராடினார், எதை விட்டுக்கொடுத்தார் என்பது எழுத்தில் நிற்காது.

சேது லட்சுமி பாய்க்கும் இரண்டும் பொருந்தும். தாவழியரசியாக இருக்கத் தத்தெடுக்கப்பட்டவர், பொறுப்பரசியாக இருந்தபோது, கொல்லம் ஆண்டு 1100இல் (கி.பி. 1925) நாயர்களுக்கும் 1101இல் (கி.பி. 1926) நாஞ்சில்நாட்டு வேளாளர்களுக்கும் மருமக்கள்வழியை முடித்துவைக்கும் சட்டங்கள் வந்தன. இந்த வாக்கியத்தை ராஜமாதாவை வைத்து எழுதிப் பாருங்கள், நிற்காது.

நம் கலைச்சொல் தொகுப்பில் சேர்க்க என் வரைவு இது. பொறுப்பரசி: அரசுரிமை உடையவர் சிறுவராகவோ ஆள இயலாதவராகவோ இருக்கும்போது அவர் பெயரில் ஆட்சி நடத்தும் பெண். தாவழியரசி: மருமக்கள்வழி அரசுகளில் வாரிசுரிமை யார் வழியாக இறங்குகிறதோ அந்தப் பெண், தாம் ஆண்டாலும் ஆளாவிட்டாலும். கொச்சி, கோலத்துநாடு வரலாறு தெரிந்தவர்கள், அங்கே இந்த இரண்டாவது விளக்கம் எங்கே இடிக்கிறது என்று சொல்லுங்கள், திருத்திக்கொள்ளலாம்.