அப்பாவும் டோனி கிரெய்க்கும்

கமெண்ட்ரி பற்றிப் பேச்சு வந்தால் எங்கள் வீட்டில் முதலில் அடிபடும் பெயர் கிரிக்கெட் வர்ணனையாளர் டோனி கிரெய்க்.

அப்பாவுக்கு ஒரு காலத்தில் அவரைக் கண்டாலே ஆகாது. 1976-77இல் இங்கிலாந்து கேப்டனாக வந்து தொடரை 3-1 என்று ஜெயித்துக்கொண்டு போனவர். சேப்பாக்கம் டெஸ்டும் அதில் அடக்கம். அங்கேதான் இங்கிலாந்துப் பந்துவீச்சாளர் ஜான் லீவர், நெற்றியில் கட்டியிருந்த துணியிலிருந்த வாசலின் களிம்பைப் பந்து நன்றாக வளைவதற்காக அதன்மேல் தேய்த்தார் என்று இந்திய கேப்டன் பேடி புகார் எழுப்பினார். லீவர் மேல் தப்பில்லை என்று இங்கிலாந்து வாரியம் சொன்னதை அப்பா கடைசிவரை ஏற்கவில்லை. அதனால் தொண்ணூறுகளில் கேபிள் வந்த பிறகு கிரெய்க் குரல் கேட்டாலே சவுண்டைக் குறைப்பார். நான் கூட்டுவேன்.

1998 ஏப்ரல் 22, ஷார்ஜா. மணற்புயலில் ஆட்டம் நின்று மறுபடி தொடங்கியது. சச்சின் அடித்த 143ஐப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. மட்டையில் பட்ட சத்தம் கேட்டதுமே கிரெய்க்கின் குரல் ஏறத் தொடங்கும். பந்து விழுமுன்பே சிக்ஸர் என்று நமக்குத் தெரிந்துவிடும். இங்கிலாந்தின் பழைய கேப்டன், நம் ஆட்டக்காரருக்காக நம்மைவிடத் துள்ளிக்கொண்டிருந்தார். அன்று இந்தியா தோற்றாலும் ஃபைனலுக்குப் போய்விட்டது. 24ஆம் தேதி, சச்சினின் பிறந்தநாளில், 134 அடித்துக் கோப்பையையும் வாங்கியாயிற்று. "பேசத் தெரிஞ்ச ஆளுதான்டா" என்றார் அப்பா. அப்புறம் சவுண்டைக் குறைத்ததே இல்லை.

என்னைக் கேட்டால், யார் நன்றாக ஆடினாலும் சந்தோஷத்தை மறைக்காமல் காட்டினார் பாருங்கள், அதுதான் பழைய கோபத்தைக் கரைத்தது. என் கொழும்பு நண்பன் ஒருவன் இலங்கை விக்கெட் கீப்பர் களுவிதாரணவை "லிட்டில் களு" என்று கிரெய்க் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். அவனுக்கு அவர் இலங்கை ஆள்.

வயது ஏற ஏற எனக்கு ஆஸ்திரேலிய வர்ணனையாளர் ரிச்சி பெனோவின் பாணி கூடுதலாகப் பிடித்துவிட்டது. படமே சொல்வதை அவர் வாயால் திரும்பச் சொல்ல மாட்டார். ஆனாலும் பிட்ச் ரிப்போர்ட் என்றால் கிரெய்க்தான். பெர்த் ஆடுகளத்தின் வெடிப்புக்குள் கார் சாவியை நுழைத்துக் காட்டுவார். பந்து என்ன செய்யும் என்று அதற்கு மேல் விளக்கவே வேண்டாம். 2012 டிசம்பர் 29 அன்று அவர் இறந்த செய்தி வந்தபோது, ஷார்ஜா கிளிப்பைத் தேடிப் போடச் சொன்னது அப்பாதான்.

2017இல் ஸ்டார் ஸ்போர்ட்ஸ் தமிழ் வந்ததிலிருந்து வீட்டில் தமிழ் கமெண்ட்ரிதான். அம்மாவும் உட்கார்ந்து பார்க்கிறார், ஃபீல்டிங் இடங்களின் பெயர் எல்லாம் சொல்கிறார். எனக்கும் அப்பாவுக்கும் ஒரே குறை: இரண்டு பந்துகளுக்கு நடுவே மூச்சுவிடாமல் அரட்டை. விக்கெட் விழுந்தால் பத்து விநாடி மைதானத்துச் சத்தத்தைக் கேட்க விட்டால் போதும். அந்த நேரத்தில் யாரும் எதையும் விளக்க வேண்டாம்.