ஈரி எந்தக் கட்சிப் பக்கம்?

கேள்வி: வேலை மாறி பென்சில்வேனியாவின் ஈரிக்குக் குடிபோகிறோம். அங்கே யார் கை ஓங்கியிருக்கிறது, ஜனநாயகக் கட்சியா, குடியரசுக் கட்சியா?

பதில் 1: நிலையாக யாரும் இல்லை. 2008, 2012-இல் ஒபாமா, 2016-இல் டிரம்ப், 2020-இல் பைடன், 2024-இல் மறுபடி டிரம்ப் என்று மாநிலம் சாய்ந்த பக்கமே ஈரி கவுண்டியும் (நகரமும் சுற்றுப்புறமும் சேர்ந்த மாவட்டம்) சாய்ந்திருக்கிறது, அதனால்தான் அதிபர் தேர்தல் வந்தால் வேட்பாளர்கள் அங்கே படையெடுக்கிறார்கள்.

பதில் 2: மொத்தமாகப் பார்க்காதீங்க. நகரத்துக்குள் ஜனநாயகக் கட்சி, வெளியே கிராமப்புறம் போகப் போக குடியரசுக் கட்சி. ரயில் எஞ்சின் ஆலையில் ஆட்கள் குறைந்த பிறகுதான் தொழிற்சங்க ஓட்டு சிதறியது என்பது என் கணிப்பு, சண்டைக்கு வருபவர்கள் வரலாம்.

பதில் 3: அப்புறம், வாக்காளராகப் பதியும்போது கட்சியைக் குறிப்பிடாவிட்டால் பிரைமரியில், அதாவது கட்சிக்குள் வேட்பாளரை முடிவு செய்யும் முதற்கட்டத் தேர்தலில், அந்தக் கட்சி வேட்பாளரைத் தேர்ந்தெடுக்க முடியாது.

கேட்டவர்: குடியுரிமையே இன்னும் வரவில்லை, இப்போதைக்கு வேடிக்கைதான்!