கல்நார் நுரையீரல் நோய்: அமெரிக்கப் படைவீரர் இழப்பீடு மறுப்பு, இனி என்ன செய்வது?

பொங்கோல் மல்லிகா:
சம்பந்தி அமெரிக்கர், இப்போது இங்கே எங்களோடு இருக்கிறார். 1971-75இல் கடற்படைக் கப்பலில் பாய்லர் அறை வேலை. சிடி ஸ்கேனில் ஆஸ்பெஸ்டோசிஸ் (கல்நார் தூசியால் நுரையீரலில் தழும்பேறும் நோய்). விஏ (அமெரிக்க முன்னாள் படைவீரர் நலத்துறை) மறுப்புக் கடிதம் வந்து நாலு மாதம். பணிக்கும் நோய்க்கும் தொடர்பு காட்டவில்லையாம். முதலிலிருந்து தொடங்க வேண்டுமா?

அமோக்கியோ சேகர்:
வேண்டாம்க்கா. கடிதத் தேதியிலிருந்து ஒரு வருடத்துக்குள் 20-0995 படிவத்தில் சப்ளிமெண்டல் கிளெய்ம் (புது ஆதாரத்தோடு மறுபடி கோருவது) போடுங்கள். பழைய விண்ணப்பத் தேதி போகாது. ஆனால் புது ஆதாரம் கட்டாயம். அதே ஸ்கேனைத் திரும்ப அனுப்பினால் அதே பதில்தான்.

உங்களுக்கு இல்லாதது மருத்துவரின் நெக்ஸஸ் கடிதம், அதாவது பணியால்தான் நோய் என்று தொடர்பு காட்டும் கடிதம். நம் மருத்துவர்கள் பழக்கத்தில் "மே பி டியூ டு" (காரணமாக இருக்கலாம்) என்று எழுதிவிடுவார்கள். அது ஊகமாகத்தான் எடுபடும். "அட் லீஸ்ட் அஸ் லைக்லி அஸ் நாட்" என்ற சொற்கள் வேண்டும். அதாவது பாதிக்குப் பாதி வாய்ப்பு இருந்தாலே போதும். டிடி-214 (படையிலிருந்து விடுபடும்போது தரும் பணிச் சான்று) பார்த்ததாகவும், ஏன் அந்த முடிவு என்றும் எழுதச் சொல்லுங்கள். டிடி-214இல் பாய்லர் பணி இருக்கிறதா பாருங்கள். குழாய்களின் கல்நார் உறையைப் பிரித்தது, கேஸ்கெட் சுரண்டியது, எந்தக் கப்பல், எத்தனை மாதம் என்று அவரே 21-10210 படிவத்தில் எழுதிக் கையெழுத்திடட்டும். பணிக்குப் பிறகு கப்பல் பட்டறையில் இருந்திருந்தால் மறைக்க வேண்டாம், மருத்துவர் அதையும் எடைபோட்டே எழுதட்டும்.

பொங்கோல் மல்லிகா:
முன்பு சிகரெட் பிடித்தவர். அது இடிக்குமா?

சுவாச லேப் ரவி:
ஆஸ்பெஸ்டோசிஸ் சிகரெட்டால் வருவதில்லை. கடிதத்தில் அதை ஒரு வரி சேர்க்கலாம். இழப்பீட்டுக்கான பாதிப்புச் சதவீதம் முடிவாவது மூச்சுச் சோதனையில். எஃப்விசி (மூச்சை முழுதாக இழுத்து வேகமாக ஊதும் காற்றின் அளவு) எதிர்பார்க்கும் அளவில் நூற்றுக்கு 75-80 என்றால் 10%, 65-74 என்றால் 30%, 50-64 என்றால் 60%, 50க்குக் கீழே 100%. டிஎல்சிஓவுக்கு (நுரையீரலிலிருந்து ரத்தத்துக்கு வாயு கடக்கும் திறன்) அதே நான்கு படிகளுக்கும் வரிசையாகத் தனி அளவு: 66-80, 56-65, 40-55, 40க்குக் கீழே. சாதாரண ஸ்பைரோமெட்ரியில் (ஊதும் மூச்சுச் சோதனை) டிஎல்சிஓ வராது, மருத்துவமனை லேபில் கேட்டு வாங்குங்கள். நுரையீரல் உறையில் தழும்பு மட்டும் இருந்து மூச்சு குறையாவிட்டால் 0%தான் வரும். மீசோதீலியோமா (கல்நாரால் வரும் நுரையீரல் உறைப் புற்றுநோய்) என்றால் கணக்கே வேறு, நேரே 100%.

அமோக்கியோ சேகர்:
ஒன்று விட்டுப்போச்சு. அங்கீகாரம் வந்ததும் 10-7959எஃப்-1 படிவத்தில் விஏவின் ஃபாரின் மெடிக்கல் புரோகிராமில் (வெளிநாட்டில் இருப்பவர்களுக்கான மருத்துவத் திட்டம்) பதியுங்கள். இந்த நோய்க்கு இங்கே ஆகும் மருத்துவச் செலவை அதில் கோரலாம். ரசீதுகளை இன்றே சேர்த்து வையுங்கள்க்கா.