சிறுவர் பதிப்பகத்தின் பெயருக்கும் தலைப்புகளுக்கும் ‘பாலூ தம்பி 2’ எழுத்துரு பொருந்துமா?

கேள்வி: கோவை வடிவமைப்பாளர்

வணக்கம். புதிதாகத் தொடங்கவிருக்கும் சிறுவர் பதிப்பகம் ஒன்றுக்குப் பெயர்ச்சின்னமும் நூல் அட்டைகளும் வடிவமைத்து வருகிறேன். மும்பையைச் சேர்ந்த எக் டைப் குழுவினர் உருவாக்கி, கூகுள் ஃபாண்ட்ஸில் கிடைக்கும் ‘பாலூ தம்பி 2’ எழுத்துருவைத் தேர்ந்தெடுக்கும் எண்ணத்தில் இருக்கிறேன். முனைகள் உருண்டு, கோடுகள் கனத்து, எழுத்துகள் கொழுகொழுவென்று நிற்பதால் அட்டையைப் பார்த்த உடனேயே இது குழந்தைகளுக்கான நூல் என்பது விளங்கிவிடுகிறது. ஆனால் அதே பெயர் நூலின் முதுகில் சிறிதாக வரும்போது புள்ளிகளும் சுழிகளும் அடைபட்டுவிடுமோ என்று அஞ்சுகிறேன். பதிப்பகத்தார் கதையின் உள்பக்கங்களையும் இதே எழுத்துருவில் கேட்கிறார்கள். பின்னாளில் மலையாளத்திலும் நூல் வெளியிடும் திட்டம் அவர்களுக்கு உண்டு. வணிகப் பயன்பாட்டுக்கு உரிமம் இடம் தருமா என்பதையும் அறிந்தவர்கள் தெளிவுபடுத்த வேண்டுகிறேன்.

மறுமொழி: எழுத்துரு ஆர்வலர்

உரிமத்தைப் பற்றிக் கவலை வேண்டாம். திறந்த எழுத்துரு உரிமத்தின் கீழ் வெளியானது என்பதால் அட்டை, பெயர்ச்சின்னம், விளம்பரம் எதிலும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். எழுத்துருக் கோப்பைத் தனிப்பொருளாக விற்பதற்குத்தான் தடை. ஆனால் எல்லோருக்கும் கிடைக்கும் எழுத்துரு என்பதால் நாளை வேறொருவரின் பெயர்ப்பலகையிலும் அதே எழுத்துகள் வரக்கூடும். ஆகவே பெயரை வெளிக்கோடாக (தட்டச்சு எழுத்தாக இல்லாமல் வரைபட வடிவமாக) மாற்றி, ஓரிரு எழுத்துகளையாவது உங்கள் கையால் திருத்தி அமைப்பது நல்லது.

அடைபடுதல் பற்றிய உங்கள் அச்சம் நியாயமானது. தமிழில் ட, ப போன்ற எழுத்துகளுக்குள் வெள்ளை இடம் தாராளமாக இருக்கிறது. ண, ஞ, இ போன்றவற்றிலோ பல சுழிகள் ஒரே உடலுக்குள் நெருங்கி நிற்கின்றன. கோடு கனக்கக் கனக்க முதலில் பலியாவது இந்த உள்வெளிதான், அடுத்தது மெய்யெழுத்தின் புள்ளி. எழுத்துருவை உருவாக்கியவர் எவ்வளவு கவனமாக இருந்தாலும், தடித்த எழுத்துக்கு ஒரு குறைந்தபட்ச அளவு இருந்தே தீரும். இந்த எழுத்துருக் குடும்பத்தின் முதல் பதிப்பான ‘பாலூ’ ஒரே தடிப்பில் வந்தது. ‘பாலூ 2’ வரிசையில் 400 முதல் 800 வரை ஐந்து தடிப்புகள் இருக்கின்றன. அட்டையில் 800, முதுகில் 500 அல்லது 600 என்று அமைத்தால் கண்ணுக்கு இரண்டும் ஒன்றாகவே தோன்றும். ‘கிண்ணம்’, ‘இஞ்சி’, ‘கூண்டு’ ஆகிய சொற்களை உண்மையான அளவில் தாளில் அச்சிட்டுப் பாருங்கள். திரையில் பெரிதாக்கிப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம்.

மறுமொழி: தொடக்கப்பள்ளி ஆசிரியை

உள்பக்கங்களுக்கு இந்த எழுத்துரு வேண்டாம் என்று பதிப்பகத்தாரிடம் உறுதியாகச் சொல்லுங்கள், தம்பி. எழுத்துக்கூட்டிப் படிக்கும் குழந்தை சொல்லை முழு உருவமாகப் பார்ப்பதில்லை. ஒவ்வொரு கோடாகப் பற்றிக்கொண்டு செல்கிறது. ‘பெட்டி’யையும் ‘பேட்டி’யையும், ‘கொடி’யையும் ‘கோடி’யையும் பிரித்துக் காட்டுவது ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் உள்ள மிகச்சிறிய வேறுபாடுதான். குறிலையும் நெடிலையும் இப்படிக் கொம்பால் பிரித்துக் காட்டிய, வீரமாமுனிவர் பெயரோடு சேர்த்துச் சொல்லப்படும் அந்தச் சீர்திருத்தத்தின் பயன் முழுவதும் அந்தச் சிறு சுழி திறந்திருப்பதில் அடங்கியிருக்கிறது. அது மூடிக்கொண்டால் பெரியவர்கள் பொருளை வைத்து ஊகித்துவிடுவார்கள். ஆறு வயதுக் குழந்தைக்கு அந்த ஊகம் இன்னும் கைவந்திருக்காது. ‘ர’வுக்கும் துணைக்காலுக்கும் உள்ள வேறுபாடும் இப்படிப்பட்டதே. மெல்லிய, சீரான கோடுகளும் அகன்ற வரி இடைவெளியும் கொண்ட எழுத்துருவைக் கதைக்கு வையுங்கள். ‘முக்த மலர்’ போன்ற ஒன்றை எண்ணிப் பார்க்கலாம். தலைப்பிலும் அதிகாரப் பெயர்களிலும் உங்கள் உருண்டை எழுத்து மகிழ்ச்சியாக விளையாடட்டும். அங்கே குழந்தைகள் அதை விரும்பவே செய்வார்கள்.

மறுமொழி: அச்சக முன்தயாரிப்பாளர்

வேலை அச்சுக்கு வரும் இடத்திலிருந்து சில குறிப்புகள். சிறுவர் அட்டைகளில் எழுத்தைச் சுற்றி வண்ணக் கரை கட்டுவது வழக்கம். அக்கரையை எழுத்தின் வெளிப்புறத்தில் மட்டும் அமையுங்கள். கோட்டின் நடுவில் அமைத்தால் கரையின் பாதி உள்ளே புகுந்து, மேலே நண்பர் சொன்ன உள்வெளியைத் தின்றுவிடும். எழுத்துருவின் மாறுநிலைக் கோப்பை (எல்லாத் தடிப்புகளும் ஒரே கோப்பில் அடங்கிய variable font) பயன்படுத்தினால், ஒன்றன்மேல் ஒன்று ஏறியிருக்கும் வடிவங்களின் எல்லைகள் கரையில் தெரியக்கூடும். எனவே வெளிக்கோடாக மாற்றியபின் எல்லா வடிவங்களையும் ஒன்றிணைத்துவிட்டுக் கரை கட்டுங்கள்.

எழுத்துகளுக்கிடையே இடைவெளியை விரித்து அழகு பார்க்கும் ஆங்கில முறை தமிழுக்கு ஒத்துவராது. ‘கொ’ என்ற ஓரெழுத்து கொம்பு, ககரம், துணைக்கால் என்று மூன்று துண்டுகளாகச் சிதறி நிற்கக்கூடும். பழைய மென்பொருள் அமைப்பில் கொம்பு இடம் மாறி விழுவதும் உண்டு. ஃபோட்டோஷாப்பின் பழைய பதிப்புகளிலும் இல்லஸ்ட்ரேட்டரிலும் தெற்காசிய மொழிகளுக்கான எழுத்தமைப்பு விருப்பத்தைத் தேர்ந்தெடுத்த பிறகே தட்டச்சைத் தொடங்குங்கள்.

மலையாளத்துக்கு வேறு எழுத்துரு தேட வேண்டியதில்லை. இதே குடும்பத்தில் மலையாளத்துக்குச் ‘சேட்டன்’, தெலுங்குக்குத் ‘தம்முடு’ என்று தனித்தனி உறுப்பினர்கள் இருக்கிறார்கள். லத்தீன் எழுத்துகள் எல்லாவற்றிலும் உண்டு. ஒரே தடிப்பு எண்ணைத் தேர்ந்தெடுத்து இரு மொழிப் பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். மலையாளத்தின் சுழிகள் இன்னும் நெருக்கமானவை என்பதால் முதுகுக்கான அளவை அந்த மொழியை வைத்தே முடிவு செய்யுங்கள்.