நகர வனத்தில் உண்ணிச்செடி எடுக்க ஆள் வேண்டும்

வணக்கம். திருப்பதி, ரேணிகுண்டா, புத்தூர் பக்கம் இருக்கும் நம் ஆட்களிடம் ஓர் உதவி கேட்கிறேன்.

எங்கள் பகுதி நகர வனத்தில் உண்ணிச்செடி (லாண்டானா என்னும் வெளிநாட்டுக் களைச்செடி) புதர்புதராக மண்டிவிட்டது. அடியில் புல்கூட முளைப்பதில்லை. கோடையில் தீப்பிடித்தால் பக்கத்திலிருக்கும் செம்மரக் கன்றுகளும் போய்விடும். கிழக்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் செம்மரம் காட்டில் தானாக வளரும் இடம் உலகில் வேறு கிடையாது. நினைத்தாலே மனசு பதறுகிறது.

மேலோடு வெட்டினால் மறுபடி தழைத்துவிடும். தண்டும் வேரும் சேரும் இடத்துக்குச் சற்றுக் கீழே, மண்ணுக்குள் வைத்து வெட்ட வேண்டும். அப்புறம் வேர் மேலே பார்க்கும்படி புதரைக் கவிழ்த்துப் போட்டால் காய்ந்துவிடும். காய் பழுப்பதற்குள் முடிக்க வேண்டும். பழம் தின்னும் பறவைகள் விதையை எங்கெங்கோ கொண்டுபோய்விடும். மழையில் மண் இளகியிருக்கும் இப்போதுதான் சரியான நேரம்.

வனத்துறை அனுமதி கிடைத்துவிட்டது. ஞாயிறு காலை ஆறரை மணிக்கு வேலை. கடப்பாரை, கனமான கையுறை இருந்தால் எடுத்து வாருங்கள், முள் கையைக் கிழிக்கும். நாட்டுச் செடிகளை அடையாளம் தெரிந்த பெரியவர்கள் யாராவது கட்டாயம் வேண்டும், நல்ல கன்றைப் பிடுங்கிவிடக் கூடாது. தெலுங்கில் பலகை எழுதத் தெரிந்தவரும் தேவை.

வருகிறவர்கள் சனிக்கிழமைக்குள் சொல்லிவிடுங்கள், எத்தனை பேருக்கு இட்லி சொல்வது என்று பார்க்க வேண்டும்.